தப்பான பரீட்சை எழுதிய விமானம்: மருத்தின் கதை

இந்த எபிசோட் ஒரு வாய்ஸ் நோட்ல இருந்து ஆரம்பிக்குது. அனுப்பினது ஆலங்குடி பக்கத்துல பாலிடெக்னிக் படிக்கிற ஒரு தம்பி. துபாய் ஏர்ஷோல தேஜஸ் விழுந்த வீடியோவைப் பார்த்துட்டு அனுப்பியிருக்கார். ரெண்டு கேள்வி. "அண்ணே, சண்டைக்குச் செஞ்ச விமானத்தை எதுக்குத் தரையை ஒட்டி வித்தை காட்ட வைக்கிறாங்க?" இது முதல் கேள்வி. ரெண்டாவதுதான் கொஞ்சம் குத்துச்சு: "நாம செஞ்ச விமானம் நிஜமாவே நல்லதா, இல்ல நாமளே சொல்லிக்கிறோமா?"

முதல்ல அந்தச் சம்பவத்தைச் சரியா சொல்லிடுறேன். 2025 நவம்பர் 21. துபாய் ஏர்ஷோவின் கடைசி நாள். தேஜஸை ஓட்டியவர் விங் கமாண்டர் நமன்ஷ் சியால், இமாச்சலப் பிரதேசம் காங்ராவைச் சேர்ந்தவர். அவருடைய படைப்பிரிவு நம்ம கோயம்புத்தூர் பக்கத்தில் இருக்கிற சூலூர் விமானப்படைத் தளத்தின் 45ஆம் எண் ஸ்குவாட்ரன். தாழ்வாகப் பறந்து காட்டிக்கொண்டிருந்தபோது விமானம் தரையில் மோதி அவர் இறந்துபோனார். அன்னைக்கு ராத்திரியே யூடியூப்ல ஆளாளுக்குக் காரணம் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. நான் அந்த வேலைக்குப் போகப்போறதில்லை. ஒரு நாற்பது நொடி வீடியோவை வெச்சு ஒரு மனுஷனோட கடைசி முடிவுக்கு மார்க் போடுறது எனக்குப் பிடிக்கல.

ஆனா தம்பியோட ரெண்டு கேள்விக்கும் பதில் இருக்கு. அதுக்கு அறுபது வருஷத்துக்கு மேல பின்னாடி போகணும், பெங்களூருக்கு. அங்க இந்தியா முதல் தடவையா ஒரு ஜெட் போர் விமானத்தைச் சொந்தமா வடிவமைச்சது. பேர் ஹெச்.எஃப்-24 மருத். மருத்துன்னா காற்று. நம்ம தமிழ்ல மாருதம்னு சொல்றோமே, அதே வேர்தான்.

அதுக்கு முன்னாடி ஒரு அடிப்படை விஷயம். போர் விமானம்னு சொன்னா நம்ம மனசுல வர்றது எப்பவும் உயரத்துல ரெண்டு விமானம் ஒண்ணை ஒண்ணு துரத்துற காட்சி. சினிமா அப்படித்தான் பழக்கியிருக்கு. ஆனா விமானப்படையோட வேலையில் பெரிய பங்கு வேற மாதிரி: கீழே இருக்கிற டாங்கியை, பாலத்தை, சரக்கு ரயிலை, எரிபொருள் கிடங்கை அடிக்கிறது. இதுக்குப் பேர் தரைத் தாக்குதல். இந்த வேலையைச் செய்கிற விமானம் உயரத்தில் போனால் ரேடாரில் மாட்டும். அதனால் மரத்து உயரத்துக்கு இறங்கிப் போகும்.

மரத்து உயரத்தில் போவது எப்படி இருக்கும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 900 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 250 மீட்டர். திருச்சியில் இருந்து புதுக்கோட்டைக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். நம்ம பஸ் ஒண்ணேகால் மணி நேரம் எடுத்துக்கும். இது மூன்றரை நிமிஷத்தில் கடந்துவிடும், கீரனூரைப் பார்க்கிறதுக்குள்ள கீரனூர் போயிருக்கும். இப்போ தரையிலிருந்து 100 மீட்டர் உயரத்தில் பறக்கிறீங்கன்னு வைங்க. மூக்கு வெறும் 5 டிகிரி கீழே சாய்ந்தால், விமானம் நொடிக்கு 22 மீட்டர் இறங்கும். தரையைத் தொட நாலரை நொடி. ஒரு தும்மல், ஒரு தடவை கீழே குனிஞ்சு மீட்டரைப் பார்க்கிறது, முடிஞ்சது.

அதோட அவர் சும்மா பறக்கிறதில்லை. இலக்கைத் தேடணும், அதை நோக்கி மூக்கைக் கீழே சாய்க்கணும், சுடணும், உடனே மேலே இழுக்கணும். இலக்கிலேயே கண் ஒட்டிப்போய், இழுக்க வேண்டிய நொடியைத் தவறவிட்டு, இலக்கோடு சேர்த்துத் தானும் மோதிய விமானிகள் உலகம் முழுக்க இருக்காங்க. கீழே காற்று அடர்த்தி, வெயில் நேரத்தில் அது கொதிக்கிற உலைத் தண்ணி மாதிரி கிளம்பும். விமானம் குலுங்கினால் குறி தப்பும். ஆக ஒரு தரைத் தாக்குதல் விமானத்துக்கு வேண்டிய குணங்கள் என்னன்னா, கீழே ஆடாம நிக்கணும், அடி வாங்கினாலும் வீடு திரும்பணும், குண்டும் எரிபொருளும் போதுமான அளவு சுமக்கணும். ஒலியை விட ரெண்டு மடங்கு வேகம்ங்கிறது இந்த வேலைக்கு அவசியமே இல்லை. இதை மனசுல வெச்சுக்கோங்க. மருத்தோட கதையே இங்கதான் கோணலாகுது.

எங்க ஊர் ஆளுங்களுக்கு இந்தச் சத்தம் புதுசு இல்லை. தஞ்சாவூர் விமானத்தளம் இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுதளம். ரொம்ப நாள் சும்மா கிடந்து, 2013ல் விமானப்படைத் தளமா மறுபடி திறந்தாங்க. 2020 ஜனவரியில் அங்கே சுகோய்-30 படைப்பிரிவு ஒன்று வந்தது. அதிலிருந்து புதுக்கோட்டை மாவட்டத்துல கொல்லையில கடலை பறிச்சுக்கிட்டு இருக்கிறவங்க திடீர்னு நிமிர்ந்து பார்ப்பாங்க. பார்க்கும்போது வானத்துல ஒண்ணும் இருக்காது, சத்தம் மட்டும் பின்னாடியே உருண்டு வரும். எங்க அப்பத்தாவோட கணிப்பு, "பாம்பன் வரைக்கும் போயிட்டுத் திரும்பும்."

பாம்பன்னு சொன்னதும் கலாம். இந்தக் கதைக்குள்ள அவர் ஏற்கெனவே இருக்கார். ராமேஸ்வரத்தில் இருந்து திருச்சிக்கு வர்ற ரயில் பாதை புதுக்கோட்டை வழியாத்தான் வருது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படிச்ச அந்தப் பையன் எங்க ஸ்டேஷனை எத்தனையோ தடவை ஜன்னல் வழியா பார்த்திருக்க வாய்ப்பு அதிகம். பிறகு அவர் சேர்ந்தது குரோம்பேட்டையில் இருக்கிற எம்.ஐ.டி., அதாவது மெட்ராஸ் தொழில்நுட்பக் கல்லூரி. சி. ராஜம் என்பவர் தன் சொத்தை விற்று 1949ல் ஆரம்பிச்சது. அங்கே காட்சிக்கு நிறுத்தியிருந்த ரெண்டு பழைய விமானங்களைப் பார்த்துத்தான் விமானப் பொறியியலைத் தேர்ந்தெடுத்ததா கலாம் எழுதியிருக்கார்.

அவருடைய படிப்பின் கடைசிக் கட்டத்தில், கலாமுக்கும் நாலு நண்பர்களுக்கும் ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தாங்க. என்ன தெரியுமா? தாழ்வாகப் பறந்து தாக்கும் ஒரு விமானத்தை வடிவமைப்பது. ஆமா, தரைத் தாக்குதல் விமானம்! காற்றியக்க வடிவமைப்பு கலாமோட பொறுப்பு. பேராசிரியர் சீனிவாசன் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வந்து பார்த்தார். வேலை போதாது, மூணு நாளில் முடிக்கலைன்னா ஸ்காலர்ஷிப் ரத்துன்னு சொல்லிட்டார். ஸ்காலர்ஷிப் இல்லைன்னா அந்தப் பையனுக்குப் படிப்பே இல்லை. சாப்பாட்டை விட்டு, ராத்திரி முழுக்க வரைபலகையில உட்கார்ந்து முடிச்சார். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முந்தின ராத்திரி ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை பைண்டிங் போடக் கொடுத்த நம்ம ஆளுங்களுக்கு இந்த வலி புரியும்.

இன்னொரு தகவல், எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது. எம்.ஐ.டி. தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில் கலாம் தமிழ்ல ஒரு கட்டுரை எழுதினார். நம்ம விமானத்தை நாமே செய்வோம்ங்கிறதுதான் விஷயம். முதல் பரிசு. பரிசைக் கொடுத்தவர் யாருன்னா ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். துப்பறியும் சாம்பு எழுதின அதே தேவன்.

அதே கல்லூரியில் பாடம் நடத்தியவர்களில் கலாம் பேர் சொல்லி நினைவுகூர்கிற ஒருவர், டாக்டர் குர்ட் டாங்க். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் சிறந்த சண்டை விமானங்களில் ஒன்றான ஃபோக்கே-வுல்ஃப் 190ஐ வடிவமைத்தவர். போர் முடிஞ்சதும் அர்ஜென்டினா போனார். அங்கே பெரோன் ஆட்சிக்காக ஒரு ஜெட் செஞ்சார். 1955ல் பெரோன் கவிழ்ந்ததும் அந்த வேலையும் கவிழ்ந்தது. அடுத்த வருஷம் இந்தியா வந்தார். நாஜி ஜெர்மனிக்கு விமானம் செஞ்சவரை நேருவோட இந்தியா வேலைக்கு எடுத்ததை எப்படி எடுத்துக்கிறதுன்னு எனக்கு இன்னும் தெளிவில்லை. அந்தக் காலத்தில் அமெரிக்காவும் ரஷ்யாவும் இதையேதான் செஞ்சாங்கங்கிறது பதில் மாதிரி தெரிஞ்சாலும் முழு பதில் இல்லை.

பெங்களூரில் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம், பின்னாளில் ஹெச்.ஏ.எல்., அதுவரை சொந்தமாகச் செய்து பறக்கவிட்ட பெரிய சாதனை ஹெச்.டி-2 என்ற பயிற்சி விமானம். 1951ல் பறந்தது, முன்னாடி காற்றாடி சுத்துற ரகம். வடிவமைப்புக் குழுவின் தலைவர் டாக்டர் வி.எம். கட்டகே. அங்கிருந்து ஒரே தாவலில் ஒலியைத் தாண்டும் ஜெட்! டாங்க்குடன் பதினெட்டு ஜெர்மானியப் பொறியாளர்கள் வந்தாங்க. மத்தவங்க எல்லாம் நம்ம ஆளுங்க, பெரும்பாலும் இளைஞர்கள்.

விமானப்படை கேட்ட பட்டியலைப் பாருங்க. உயரத்தில் ஒலியைப் போல் இருமடங்கு வேகம், அதாவது மாக் 2. அறுபதாயிரம் அடி வரை ஏறணும். எதிரி விமானத்தை வழிமறிக்கணும். அதே விமானம் கீழே இறங்கித் தரைத் தாக்குதலும் செய்யணும். ஐ.டி.ல இருக்கிறவங்களுக்கு இந்த க்ளையன்ட்டைத் தெரியும். (சிரிப்பு) "ஒரே ஆப்புல எல்லாம் வேணும், வேகமாவும் இருக்கணும், பட்ஜெட் அதேதான்."

ஆனா டாங்க் குழு வேலையை ஒழுங்கா பிரிச்சது. முதல்ல மரத்திலேயே முழு அளவில் என்ஜின் இல்லாத ஒரு கிளைடர் செஞ்சாங்க. 1959ல் டகோட்டா விமானத்துக்குப் பின்னாடி கயிறு கட்டி இழுத்துப் போய், மேலே விட்டு, மிதக்கவிட்டுப் பார்த்தாங்க. இறக்கை சரியா, வால் சரியா, கைக்கு அடங்குதா? அடங்குச்சு. புரோட்டோடைப்னு ஒரு வார்த்தையை நாம எவ்வளவு சாதாரணமா சொல்றோம். இங்க அதுக்குள்ள ஒரு ஆள் உட்கார்ந்து பறந்திருக்கார்.

1961 ஜூன் 17. விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் முதல் மருத்தைப் பெங்களூரில் பறக்கவிட்டார். ஒரு வாரம் கழிச்சு, ஜூன் 24ல் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் முன்னிலையில் அதிகாரபூர்வமா பறந்து காட்டினார். பார்த்தவங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. சுதந்திரம் வந்து பதினாலு வருஷம். நாப்பத்தஞ்சு டிகிரி பின்னாடி மடங்கின இறக்கை, ஊசி மூக்கு, ரெண்டு என்ஜின். நின்னாலே மாக் 2 போற மாதிரி இருக்கும் அந்த வடிவம். இதுதான் ஏர்ஷோவோட பலமும் ஆபத்தும். கண்ணுக்கு வடிவம் தெரியும். உள்ளே இருக்கிற என்ஜின் தெரியாது.

டாங்க் மனசில் வைத்து வரைந்த என்ஜின் பிரிட்டனின் பிரிஸ்டல் நிறுவனத்தின் ஆர்ஃபியஸ் 12. ஆஃப்டர்பர்னர் போட்டால் ஒவ்வொன்றும் சுமார் 3,700 கிலோ தள்ளுவிசை. ஆஃப்டர்பர்னர் தெரியாதவங்களுக்கு: வெளியே போகிற சூடான புகையில் மறுபடி எரிபொருளைத் தெளித்துக் கொளுத்துவது, எண்ணெய் தண்ணியா செலவாகும், ஆனா முதுகுல உதைச்ச மாதிரி வேகம் வரும். பிரிட்டனுக்கு அந்த என்ஜின் தேவையில்லாமல் போனது. மேற்கொண்டு உருவாக்கணும்னா இந்தியா பணம் போடணும்னாங்க. இந்தியா போடலை. கையில் இருந்தது அதே குடும்பத்தின் ஆர்ஃபியஸ் 703, ஆஃப்டர்பர்னர் இல்லை, ஒன்றுக்குச் சுமார் 2,200 கிலோ. குட்டியூண்டு நாட் விமானத்துல ஒண்ணு போட்டாப் போதும்ங்கிற குடும்பம் அது. அதுல ரெண்டை மாட்டினாங்க. முழுச் சுமையோட கிட்டத்தட்ட 11 டன் எடைக்கு மொத்தத் தள்ளுவிசை நாலே கால் டன்னைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். மாக் 2க்கு வரைஞ்ச உடம்பு, நேர்மட்டத்தில் ஒலி வேகத்தை ஒட்டியே நின்னுபோச்சு.

அப்புறம் பத்து வருஷம் என்ஜின் தேடுற கதை. சோவியத் என்ஜின் ஒன்றை மாட்டிச் சோதிச்சாங்க, ஒத்துவரலை. அப்புறம் எகிப்து. அங்கே ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் என்ற ஆஸ்திரியர், அதிபர் நாசருக்காக இ-300 என்ற என்ஜின் செய்துகொண்டிருந்தார். நம்ம மருத் ஒண்ணை அங்கே அனுப்பி, ஒரு பக்கம் ஆர்ஃபியஸ், மறுபக்கம் இ-300 மாட்டி, 1967ல் இந்திய விமானி கபில் பார்கவா ஓட்டினார். ஜெர்மன் வடிவமைப்பு, இந்திய உடம்பு, பிரிட்டிஷ் என்ஜின் ஒண்ணு, ஆஸ்திரியர் செஞ்ச எகிப்து என்ஜின் ஒண்ணு. அணிசேரா இயக்கத்தை ஒரே படத்துல காட்டணும்னா இதைக் காட்டலாம். அதே வருஷம் ஜூன்ல இஸ்ரேலுடனான போரில் எகிப்து நொறுங்கியது. கொஞ்ச காலத்தில் அந்தத் திட்டமும் நின்றது.

கடைசியா, ஆர்ஃபியஸுக்கே நாம ஆஃப்டர்பர்னர் செஞ்சு மாட்டுவோம்னு பெங்களூரில் முயற்சி பண்ணாங்க. அந்த விமானத்துக்குப் பேர் மார்க் 1ஆர். 1970 ஜனவரி 10. அதை ஓட்டினவர் குரூப் கேப்டன் சுரஞ்சன் தாஸ், முதல் மருத்தைப் பறக்கவிட்ட அதே மனுஷன். விமானம் பெங்களூரிலேயே விழுந்தது. அவர் இறந்தார்.

பெங்களூர்ல வேலை பார்க்கிறவங்க இதைக் கேட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா, ஓல்ட் மெட்ராஸ் ரோட்டையும் ஓல்ட் ஏர்போர்ட் ரோட்டையும் இணைக்கிற சுரஞ்சன் தாஸ் ரோட்டுல நிச்சயம் ஒரு தடவையாவது மாட்டியிருப்பீங்க. நான் மூணு வருஷம் தினமும் மாட்டினேன். கேப்புல உட்கார்ந்து மேப்புல அந்தப் பேரைப் பார்த்துக்கிட்டே இருப்பேன். என் டீம்ல பதினோரு பேர்கிட்ட கேட்டேன், யார் இந்த தாஸ்னு. யாரோ பெங்காலி எழுத்தாளர்னு ஒருத்தர் சொன்னார். மத்தவங்க கூகுள் பண்ணாங்க.

இதுக்கு நடுவுல விமானப்படை மருத்தை என்ன பண்ணிச்சு? 1967ல் 10ஆம் ஸ்குவாட்ரனுக்குக் கொடுத்தது, 1969ல் 220ஆம் ஸ்குவாட்ரனுக்கு. வழிமறிக்கிற வேலை இதால ஆகாதுன்னு தெரிஞ்சுபோச்சு. அதனால் தரைத் தாக்குதலுக்கு அனுப்பினாங்க. இது வேண்டாவெறுப்பா நடந்த வேலை மாற்றம். ஆனா பாருங்க, மூக்குல நாலு 30 மில்லிமீட்டர் பீரங்கி, வயித்துக்குள்ள மடங்குற ராக்கெட் பெட்டி, இறக்கைக்குக் கீழே குண்டு. ரெண்டு என்ஜின், ஒண்ணு போனா இன்னொண்ணு. ஹைட்ராலிக் அடிபட்டுட்டா, கைபலத்துலயே கட்டுப்படுத்துற மாற்று ஏற்பாடு. ஓட்டினவங்க எல்லாரும் சொன்ன ஒரு விஷயம், கீழே பறக்கும்போது அது பாறை மாதிரி நிக்கும்னு. நாலு பீரங்கியையும் சேர்த்துச் சுட்டா விமானம் அதிர்ந்து தொந்தரவு கொடுத்தது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை.

1971 டிசம்பர். ராஜஸ்தான் பாலைவனம். லோங்கேவாலா கதை எல்லாருக்கும் தெரியும், படமே வந்திருக்கு. அங்கே டாங்கிகளை முதலில் அடித்த பெருமை ஜெய்சால்மரில் இருந்து கிளம்பிய ஹன்டர் விமானங்களுக்கு உரியது. மருத்துகள் ஜோத்பூரிலும் உத்தர்லாயிலும் இருந்து கிளம்பி, சிந்து எல்லைப் பகுதியில் ரயில்களை, டாங்கிகளை, கிடங்குகளை அடித்தன. மணல் மேடுகளை உரசிக்கொண்டு போகிற வேலை. இருநூறு தடவைக்கு மேல் போய்வந்தன. வான் சண்டையில் ஒரு மருத்தைக்கூட இழக்கவில்லை. தரையிலிருந்து வந்த சூட்டில் சிலவற்றை இழந்தோம். ஒரு என்ஜின் அடிபட்டு, மற்றதை வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்ததும் உண்டு. மருத் விமானிகள் மூன்று பேருக்கு வீர் சக்ரா கிடைத்தது.

இப்போ தம்பியோட ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். நம்ம புத்தகங்கள்ல, கட்டுரைகள்ல மருத்துக்குக் கொடுக்கிற பட்டம் "தோல்வி". மாக் 2 போகலை, ஆமா. 147 விமானம்தான் செஞ்சோம், ஆமா. என் பார்வையில, அது இயற்பியல் நல்லா படிச்ச பையனுக்கு வேதியியல் கேள்வித்தாளைக் கொடுத்து ஃபெயில் போட்ட மாதிரி. உயரத்துல வேகமா பறக்கிற பரீட்சையில அது தேறலை. கீழே ஆடாம நின்னு அடிச்சுட்டுத் திரும்புற பரீட்சையில தேறிச்சு, அதுவும் போர்ல வெச்ச பரீட்சையில. அந்த மார்க்கை யாரும் ரேங்க் கார்டுல எழுதலை. எழுதாததால என்ன நஷ்டம்? டாங்க் போன பிறகு அந்த வடிவமைப்புக் குழுவுக்குத் தொடர்ச்சியா வேலை இல்லாம போச்சு. ஒரு நல்ல தரைத் தாக்குதல் விமானமா ஏத்துக்கிட்டு, என்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமா மேம்படுத்தி, ரெண்டாவது மூணாவது வெர்ஷன் விட்டிருக்கலாம். எதுவும் போர்க்களம் வரைக்கும் வரலை.

அதுக்குப் பதிலா 1978ல் ஆங்கில-பிரெஞ்சுக் கூட்டுத் தயாரிப்பான ஜாகுவாரைத் தேர்ந்தெடுத்தோம். நல்ல விமானம்தான், தாழ்வா போய் அடிக்கிறதுக்குன்னே செஞ்சது. உலகத்துல மத்த நாடுகள் எல்லாம் அதை ஓய்வு கொடுத்துட்டாங்க. நம்மகிட்ட மட்டும் இன்னும் பறக்குது. அதைப் பத்தி அதிகம் கேட்கிற புகார் என்ன தெரியுமா? என்ஜின் பலம் போதலை. புது என்ஜின் மாத்துற பேச்சு வருஷக்கணக்கா ஓடி, கடைசியில விலை ஜாஸ்தின்னு கைவிட்டாங்க. மருத்துக்குச் சொன்ன குறையை ஜாகுவாருக்கும் சொன்னோம். ஆனா ஜாகுவாரை யாரும் தோல்வின்னு சொல்லலை. இறக்குமதிச் சரக்குக்கு வேற தராசு போல.

சரி, முதல் கேள்வி. எதுக்குத் தரையை ஒட்டி வித்தை?

ஒரு பகுதி வியாபாரம்தான், மழுப்ப வேண்டாம். துபாய், பாரிஸ், நம்ம எலகங்காவுல 1996ல இருந்து நடக்கிற ஏரோ இந்தியா, எல்லாம் சந்தை. மாட்டுச் சந்தையில மாட்டை நாலு அடி ஓட்டிக் காட்டாம விலை பேச முடியாது. இன்னொரு பகுதி, ஓட்டுற வேலையோட தன்மை. தரைத் தாக்குதலுக்குப் போகிற விமானி தாழ்வா பறக்கக் கத்துக்கிட்டே ஆகணும். ஏர்ஷோ அதுலயே இன்னும் இறுக்கமான வடிவம். ஒவ்வொரு அசைவும் முன்கூட்டியே எழுதி, முதல்ல உயரத்துல பழகி, அப்புறம் படிப்படியா கீழே கொண்டு வருவாங்க. உதாரணத்துக்கு ஒரு வட்டம் அடிக்கணும், மேலே ஏறித் தலைகீழாகிக் கீழே வரணும். மணிக்கு 600 கிலோமீட்டர் வேகத்தில், தன் எடையைப் போல ஐந்து மடங்கு அழுத்தத்தில் இழுத்தாலும், வட்டத்தின் கீழ்ப்பகுதியில் ஆரம் சுமார் 700 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் ஆரம் நான்கு மடங்கு. அதனால உச்சியில் ஒரு சோதனை இருக்கும்: உயரம் இவ்வளவுக்குக் குறையாம இருக்கா, வேகம் இவ்வளவுக்கு மேல போகாம இருக்கா? ரெண்டும் சரின்னாத்தான் கீழே இழுக்கணும். இல்லைன்னா திருப்பி நேராக்கிட்டு வெளியே போயிடணும். நம்ம பாஷையில் ஒரு இஃப் கண்டிஷன். ஆனா அதைச் சரிபார்க்கிறது ரத்தம் காலுக்கு இறங்கிக்கிட்டு இருக்கிற ஒரு மனுஷன். ரன் பண்ணிப் பார்த்துட்டு எரர் வந்தா திருத்திக்கலாம்ங்கிற வசதி கிடையாது.

இது அவசியமான்னு கேட்டா, என் கருத்து பாதிப் பாதி. சந்தைக்காக விமானத்தை உயரத்திலேயே காட்டலாம், இன்னைக்கு கேமரா எல்லாம் இருக்கு. தாழ்வா பறக்கிற பயிற்சிக்குக் கூட்டமும் தேவையில்லை. ஆனா ஏர்ஷோவே வேண்டாம்னு சொல்லவும் எனக்கு மனசு வரலை. 2024 அக்டோபர் 6ல் மெரினாவுக்கு லட்சக்கணக்கான பேர் போனாங்க, எங்க ஊர்ல இருந்தே வேன் பிடிச்சுப் போனாங்க. அன்னைக்கு மேலே பறந்த ஒரு விமானத்துக்கும் ஒண்ணும் ஆகலை. கீழே வெயில்லயும் நெரிசல்லயும் அஞ்சு பேர் இறந்தாங்க. விமானிக்கு ஒவ்வொரு அசைவுக்கும் எழுதி வெச்ச அதே நாட்டுல, தண்ணி எங்க கிடைக்கும், கூட்டம் எந்த வழியா வெளியே போகும்னு மணல்ல நின்னவங்களுக்கு யாரும் அந்த அளவுக்கு எழுதி வெக்கலை. எனக்கு அதுதான் கோபம்.

தேஜஸ் விஷயத்துக்கு ஒரு வார்த்தை. 2001 ஜனவரி 4ல் முதல் முறை பறந்தது. அதுக்காக நாமே செய்ய ஆரம்பிச்ச காவேரி என்ஜின் எதிர்பார்த்த அளவுக்கு வரலை, அமெரிக்காவின் ஜி.இ. 404 என்ஜினோட பறக்குது. அடுத்த ரகமான மார்க் 1ஏ-வுக்கு 2021ல் 99 என்ஜின் ஆர்டர் பண்ணோம். முதல் என்ஜின் கைக்கு வந்தது 2025 மார்ச்சில். அதுவரை என்ஜினுக்காக உடம்பு காத்துக்கிட்டு இருந்துச்சு. 1961ல் எந்த இடத்துல மாட்டினோமோ கிட்டத்தட்ட அதே இடம். வித்தியாசம் என்னன்னா, இந்தத் தடவை குழுவைக் கலைக்கலை. அதனால தம்பி, விமானம் நல்லதான்னு கேட்டா, எந்த வேலைக்குன்னு திருப்பிக் கேளுங்க. ஒரு விபத்தை வெச்சு மோசம்னும் சொல்லாதீங்க, ஒரு ஏர்ஷோவை வெச்சு பிரமாதம்னும் சொல்லாதீங்க.

மருத்தைப் பார்க்கணும்னு ஆசைப்படுறவங்களுக்கு: பெங்களூர் ஓல்ட் ஏர்போர்ட் ரோட்டில் இருக்கிற ஹெச்.ஏ.எல். மியூசியத்தில் ஒன்று நிக்குது. ஜெர்மனியில், மியூனிக் பக்கத்துல, டாய்ச்சஸ் மியூசியத்தின் விமானக் கிளையிலும் ஒன்று இருக்கு. பெரும்பாலும் எல்லாரும் மூக்குப் பக்கம் நின்னு செல்ஃபி எடுத்துட்டுக் கிளம்பிடுவாங்க. நீங்க பின்பக்கம் போங்க. பக்கத்துல பக்கத்துல ரெண்டு குழாய் தெரியும். ஆர்ஃபியஸ் 12 அங்கதான் வந்திருக்கணும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.